தோற்றுக் கொடுக்கும் வித்தை

சினிமாச் சண்டையில் அடிக்கிறவன் கையில் இருப்பது பாதி அடிதான். மீதிப் பாதி வாங்குகிறவன் உடம்பில் இருக்கிறது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போகிற கையைக் குத்தாக்குவது எதிராளியின் தாடை திரும்பும் வேகமும், தோள் சாயும் கோணமும், கால் தரையை விட்டுப் பிரியும் நேரமும்தான். ஃபைட்டராக அடி வாங்கி, மாஸ்டர்களிடம் அசிஸ்டெண்டாக இருந்து, இப்போது நானே ஃபைட் கம்போஸ் செய்கிற இடத்துக்கு வந்த பிறகும் இந்தக் கணக்கு எனக்கு மாறவில்லை. புதுப் பையன்கள் வந்தால் குத்தும் உதையும் பிறகுதான், முதலில் ரியாக்‌ஷன். அதைக் கற்றுக்கொடுக்க நான் போட்டுக் காட்டுவது ஹாங்காங்கின் காண்டனீஸ் நடிகர் ஷெக் கின் நடித்த படங்களை.

'எண்டர் தி டிராகன்' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். கை இல்லாத மணிக்கட்டில் இரும்பு நகங்களை மாட்டிக்கொண்டு புரூஸ் லீயோடு கண்ணாடி அறையில் மோதுகிற ஹான் அவர்தான். ஆங்கில டைட்டில்களில் ஷி கியென் என்று வரும். நம்மில் பலருக்கு அந்த ஒரு படத்தோடு அவர் முடிந்துபோகிறார். ஆனால் அந்தப் படம் வெளிவந்த 1973ல் அவருக்கு வயது 60. திரைக்கு வந்து 30 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வருடங்களில் பெரும்பகுதியை அவர் செலவிட்டது ஒரே காரியத்துக்கு: கதாநாயகனிடம் தோற்பதற்கு. அதை அவர் எவ்வளவு உயரமான வித்தையாக ஆக்கினார் என்பதை எங்கள் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

அவர் 1913ல் பிறந்தவர். பூர்வீகம் குவாங்டாங் மாகாணத்துப் பன்யூ. சின்ன வயதில் அடிக்கடி நோயில் விழும் பிள்ளை. உடம்பு தேறுவதற்காகத்தான் தற்காப்புக் கலைக்குப் போனார். அவர் சேர்ந்தது சிங் வூ சங்கத்தில். 1910ல் ஷாங்காயில் தொடங்கிய இந்தச் சங்கத்துக்கு ஹுவோ யுவான்ஜியா என்ற வீரரின் பெயர்தான் அடையாளம். அதுவரை குடும்பங்களுக்குள்ளும் குரு சீட வரிசைகளுக்குள்ளும் பூட்டி வைத்திருந்த பல பாணிகளை, ஒரே கூரையின்கீழ், வருகிறவர்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த இடம் அது. ஷெக் கின் 9 வருடம் பயின்று, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதி பெற்றார். கழுகு நகப் பாணி, சோய் லீ ஃபட் உட்படப் பல பாணிகள் அவர் கையில் இருந்தன.

இந்த இரண்டு பாணிகளையும் ஒரு ஃபைட்டரின் கண்ணால் பார்த்தால், ஒரு வில்லனுக்குத் தேவையான எல்லாமே அவற்றில் இருப்பது தெரியும். சோய் லீ ஃபட் தென்சீனத்தில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. முழுக் கையும் தோளிலிருந்து சுழன்று, பெரிய வட்டமாக வந்து விழும். கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்த வீச்சு தெரியும்; கடைசி வரிசை ரசிகனுக்கும் அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புரியும். கழுகு நகம் இதற்கு நேர் எதிர். விரல்களால் பிடிப்பது, மூட்டை மடக்குவது, நரம்பை அழுத்துவது. வீச்சு சிறியது, வலி பெரியது. தூரத்தில் பயம் காட்ட ஒன்று, கிட்டே வந்தபின் கொடுமை காட்ட ஒன்று. இரண்டும் கைவசம் உள்ளவன் ஃபிரேமுக்குள் வந்து நின்றாலே கதாநாயகனுக்கு ஆபத்து என்று நாம் நம்பிவிடுகிறோம்.

ஆனால் நிஜ வித்தை தெரிந்தவனுக்கு சினிமாவில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டண்டுக்கு வரும் கராத்தே, சிலம்பப் பையன்களிடம் இதைத் தினமும் பார்க்கிறேன். அடி வரும்போது தடுக்க வேண்டும், விலக வேண்டும், பேலன்ஸை விடக் கூடாது என்றே பல வருடம் உடம்பைப் பழக்கியிருப்பார்கள். கேமரா முன்னால் இந்த மூன்றையும் தெரிந்தே மீற வேண்டும். தடுக்கத் தெரிந்த கை தடுக்காமல் தாமதிக்க வேண்டும். விழவே கூடாது என்று ஊன்றிய கால் தானாகவே பெயர வேண்டும். வித்தை தெரியாதவன் விழுந்தால் தடுக்கி விழுந்ததுபோல இருக்கும். வித்தை தெரிந்தவன் விழுவதை மறுத்தால் சண்டை பொய்யாகிவிடும். ஷெக் கின் அழுத்தமான நிலையில் நிற்பார், அந்த நிலை அடிக்கு அடி கலைவதை நாம் பார்க்கும்படி செய்வார். கட்டியிருந்ததால்தான் கலைந்தது தெரிகிறது.

அவர் 1940ல் திரைக்கு வந்தார். அவரை ஹாங்காங் மக்கள் மறக்க முடியாதவர் ஆக்கியது 1949ல் தொடங்கிய வோங் ஃபெய்-ஹுங் படவரிசை. வோங் ஃபெய்-ஹுங் குவாங்டாங்கில் வாழ்ந்த ஹுங் கர் பாணி ஆசான். 'போ சி லாம்' என்ற வைத்தியசாலை நடத்திய மருத்துவரும்கூட. 1920களின் நடுவில் இறந்தவர். 25 வருடம் கழித்து அவர் கதையை இயக்குநர் வூ பாங் படமாக்கியபோது, அவருடைய சீடப் பரம்பரையினர் ஹாங்காங்கிலேயே இருந்தார்கள். அவருடைய சீடர் லாம் சாய்-விங். லாமின் சீடர் லாவ் சாம். இந்த லாவ் சாமே படங்களில் தன் குரு லாம் சாய்-விங்காக நடித்தார். கதாநாயகனாக வந்தவர் காண்டனீஸ் மேடை நாடக நடிகர் குவான் டாக்-ஹிங், 1905ல் பிறந்தவர். அவருக்கு எதிரே முதல் படத்திலிருந்தே வில்லனாக நின்றவர் ஷெக் கின்.

அதுவரை காண்டனீஸ் வீரப் படங்களில் மேடை அசைவுகளும், பிலிமில் வரைந்து சேர்த்த மாய ஒளிக்கதிர்களும்தான் அதிகம். இந்தப் படவரிசை நிஜமான தென்சீனக் கைவித்தையைத் திரைக்குக் கொண்டுவந்தது. குவாங்டாங்கிலிருந்து ஹாங்காங்குக்குப் பெயர்ந்து வந்தவர்களும், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் குடியேறிய காண்டனீஸ் மக்களும் தங்கள் ஊர் ஆசானைத் திரையில் பார்க்கக் கூடினார்கள். 1956ல் மட்டும் 25 வோங் ஃபெய்-ஹுங் படங்கள் வந்தன. குவான் டாக்-ஹிங் அந்த வேடத்தை எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் செய்தார். அவற்றில் பெரும்பாலானவற்றில் எதிரே நின்றவர் ஷெக் கின். ஒரு படத்தில் போட்டிப் பள்ளியின் ஆசான், இன்னொன்றில் ஊரை மிரட்டும் முரடன், மற்றொன்றில் கொள்ளைக் கூட்டத் தலைவன். ரசிகர்கள் அவரை 'வில்லன் கின்' என்றே அழைத்தார்கள்.

அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட வேகத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அன்றைய காண்டனீஸ் படங்களில் ஒரு வாரத்தில் எடுத்து முடித்தவை ஏராளம். இன்று ஒரே ஒரு கிளைமாக்ஸ் ஃபைட்டுக்கு அதைவிட அதிக நாள் கேட்கிறோம். இப்போதுபோல ஒரு அடிக்கு ஒரு கட், அதற்கு மூன்று ஆங்கிள் என்பதும் அப்போது கிடையாது. கேமரா பெரும்பாலும் நகராது. தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் இருக்கும். அடியும் தடுப்பும் உதையும் விழுதலும் ஒரே ஷாட்டில் தொடர்ந்து வரும். ஒருவர் தாளம் தப்பினால் மொத்தமும் போச்சு. இதில் தப்பிக்க எடிட்டிங் உதவாது. ஒருவரை ஒருவர் நம்புவது மட்டும்தான் உதவும். வருடக்கணக்கில் மோதிய அந்த ஜோடியிடம் அந்த நம்பிக்கை கண்ணுக்குத் தெரியும்.

பையன்களுக்கு இந்தப் படங்களைக் காட்டும்போது ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். சத்தத்தை அணைத்துவிட்டு, கதாநாயகன் நிற்கும் பக்கத்து டி.வி. திரையை அட்டையால் மறைக்கச் சொல்வேன். திரையில் மோதுகிறவர்கள் இடம் மாறினால் அட்டையும் மாற வேண்டும். ஷெக் கின்னை மட்டும் பார்த்துவிட்டு, மறைந்திருப்பவர் என்ன அடி அடித்தார், எவ்வளவு பலமாக அடித்தார் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். விலாவில் விழுந்த உதைக்கும் மார்பில் விழுந்த உள்ளங்கைக்கும் அவர் உடம்பு வெவ்வேறு பதில் சொல்கிறது. விலா அடிக்கு முழங்கை உள்ளே வந்து, உடம்பு ஒரு பக்கம் மடங்கும். மார்பு அடிக்கு மூச்சு முதலில் நிற்கும், பிறகுதான் கால் பின்வாங்கும். அடிக்கிறவரைப் பார்க்காமலேயே அடியை நமக்குக் காட்டுகிறார்.

"மாஸ்டர், அடி வாங்குறதுக்கு முன்னாடி இவரே கிட்ட போறாரே?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான இடத்தைப் பிடித்துவிட்டான். பயந்த ஃபைட்டர் அடி வருவதற்கு முன்பே பின்னால் சாய்வான். தாக்கப் போகிறவனுக்கு அடி வருவது தெரியக் கூடாது, ஆனால் அவன் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஷெக் கின் கடைசி வினாடி வரை தாக்குகிறவராகவே இருப்பார். அரை அடி முன்னால் வருவார். கண் எதிராளியின் மார்பில் இருக்கும். தான் ஜெயிக்கப்போகிறோம் என்று அந்த உடம்பு முழுசாக நம்பிக்கொண்டிருக்கும்போதுதான் அடி வந்து விழும். அந்த அரை அடிதான் ரசிகனைக் கைதட்ட வைக்கிறது. வாங்குகிறவன் முன்வந்தால், அடிக்கிறவன் பலம் இரண்டு மடங்காகத் தெரிகிறது.

இன்னொன்று, அவர் முதலில் ஜெயிப்பார். கதாநாயகனின் சீடர்களை அடித்துத் தள்ளும்போது ஈவிரக்கம் இருக்காது, வித்தையில் குறையும் இருக்காது. பிறகு ஆசானோடு மோதும்போதும் முதல் சில சுற்றுகளைச் சமமாக வைத்துக்கொள்வார். அவருடைய சிரிப்பு ஹாங்காங்கில் பெயர்பெற்றது. தொண்டையில் உருண்டு, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு வரும் சிரிப்பு. சண்டைக்கு முந்தைய அந்தச் சிரிப்பு எதிரே நிற்பவருக்கு விலை ஏற்றுகிறது. இவன் சாதாரண ஆள் இல்லை, இவனை அடக்க வேண்டுமென்றால் பெரிய ஆள் வேண்டும் என்று ரசிகனிடம் சொல்லிவைக்கிறது. பலவீனமான எதிராளியை அடித்து யாரும் வீரன் ஆவதில்லை. வோங் ஃபெய்-ஹுங் திரையில் அவ்வளவு பெரியவராகத் தெரிந்ததில், எதிரே நின்று உயர்த்தியவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் படங்கள் சிலவற்றில் வில்லன் கொல்லப்படுவதில்லை. வோங் ஃபெய்-ஹுங் அறம் சொல்லும் ஆசான். எதிரியை அடக்கி, திருத்தி, மன்னித்து அனுப்புவார். நடிகனுக்கு இது செத்து விழுவதைவிடக் கடினம். இரண்டு நிமிடத்துக்கு முன்பு நரம்பு புடைக்க மோதிய அதே உடம்பு இப்போது வெட்கப்பட வேண்டும். தோள் இறங்க வேண்டும், ஆனால் அடிபட்ட களைப்பில் இறங்கியதுபோல இருக்கக் கூடாது. கை மடங்கி வணங்கும்போது அது தோல்வியின் வணக்கமாக இல்லாமல் மதிப்பின் வணக்கமாக மாற வேண்டும். வித்தைக்காரன் ஒருவன் இன்னொரு வித்தைக்காரனை ஒப்புக்கொள்வதுதான் அந்தக் காட்சியின் பொருள். நிஜத்தில் தானும் சொல்லிக் கொடுக்கும் தகுதி பெற்றவர் என்பதால் இந்த ஒப்புக்கொள்ளல் ஷெக் கின்னிடம் பொய்யாக இல்லை.

1960களின் கடைசியில் மாண்டரின் மொழிப் படங்கள் ஹாங்காங்கை ஆக்கிரமித்தன. ஷா பிரதர்ஸ் போன்ற பெரிய ஸ்டூடியோக்களின் கலர்ப் படங்களோடு சின்ன பட்ஜெட் காண்டனீஸ் படங்கள் போட்டி போட முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் காண்டனீஸ் படத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போனது. ஒரு நடிகனின் மொழியே திரையை விட்டுப் போன காலம் அது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஹான் வேடம் வந்தது.

புரூஸ் லீயின் அப்பா லீ ஹொய்-சுவென் காண்டனீஸ் மேடை நடிகர். புரூஸ் லீயும் சிறுவனாகக் காண்டனீஸ் படங்களில் நடித்து வளர்ந்தவர். அவருக்கு ஷெக் கின் அப்பா காலத்துப் பெரியவர். எங்கள் கண்ணால் பார்த்தால் அந்தக் கிளைமாக்ஸ் ஒரு கஷ்டமான கணக்கு. ஒருபுறம் 32 வயது புரூஸ் லீ, திரை கண்ட மிக வேகமான கை. மறுபுறம் 60 வயதுக்காரர். வேகத்தை வேகத்தால் சந்தித்தால் சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் சண்டையின் பொருள் வேகத்திலிருந்து தூரத்துக்கு மாற்றப்படுகிறது. ஹானின் கையில் ஏறும் இரும்பு நகங்கள், கதாநாயகனை ஒரு அடி தள்ளி நிற்க வைக்கின்றன. புரூஸ் லீயின் உடம்பில் ரத்தக் கோடு விழுந்த பிறகு அந்த நகத்தின் வீச்சைத் தாண்டி உள்ளே போவது எப்படி என்பதே கேள்வி ஆகிறது. கண்ணாடி அறைக்குள் போனதும் அந்தத் தூரமும் குழம்புகிறது. எது ஆள், எது பிம்பம் என்று தெரியவில்லை. அங்கே ஹான் ஓட வேண்டியதில்லை, எகிற வேண்டியதில்லை. மெல்ல நடந்தாலே போதும்.

அந்த மெல்லிய நடையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதுகு நிமிர்ந்திருக்கிறது. நகம் மாட்டிய கை முன்னே, மற்றக் கை கட்டுப்பாட்டில். ஒரு அடி வைக்கும்போதுகூட எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. பல வருடம் நிலையில் நின்று பழகாத ஒருவரால் இப்படி நடக்க முடியாது. ஹானின் ஆங்கில வசனத்தை அவருக்குப் பதிலாக கீ லூக் என்ற நடிகர் பேசினார். குரலும் பேச்சும் ஒரு நடிகனின் பாதி உடைமை. அவை அவர் கையில் இல்லாமல் போய்விட்டன. மிச்சம் இருந்தது நடையும் நிற்பும் பார்வையும் மட்டும். வெள்ளைப் பூனையைக் கில்லட்டினில் வைத்துவிட்டு விருந்தாளியின் முகத்தைப் பார்க்கும் அந்த அமைதியும் அவருடையது, கடைசியில் சுவரில் குத்தி நின்ற ஈட்டியில் சிக்கி, சுழலும் கதவோடு திரும்பும் அந்த உடம்பும் அவருடையது. புரூஸ் லீ 1973 ஜூலை 20ல் இறந்தார்; படம் அதற்குப் பிறகுதான் உலகத்துக்கு வந்தது. அவருடைய கடைசிப் பெரிய சண்டைக்கு எதிராளியாக இருந்து அதை முழுமையாக்கியவர் ஷெக் கின்.

காண்டனீஸ் படங்கள் மீண்டும் எழுந்தபோது அவரும் திரும்பி வந்தார். 1976ல் மைக்கேல் ஹூய் இயக்கிய 'தி பிரைவேட் ஐஸ்' நகைச்சுவைப் படத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவனாக வந்தார். 1980ல் ஜாக்கி சானின் 'தி யங் மாஸ்டர்' படத்தில் நேர்மையான காவல் தலைவராக, யுவென் பியாவின் அப்பாவாக நடித்தார். அப்போது வயது 67. ஜாக்கி சானோடு அவர் மோதும் காட்சியில் பயம் காட்டப் பயன்பட்ட அதே டைமிங் சிரிப்புக்குப் பயன்படுகிறது. அரை அடி முன்னே வருவதும், கடைசி வினாடி வரை தான் ஜெயிப்பதாக நம்புவதும் அப்படியே இருக்கின்றன. அடி விழுந்த பிறகு முகத்தில் வலிக்குப் பதிலாக ரோஷமும் கூச்சமும் வருகின்றன. ரியாக்‌ஷன் தெரிந்தவனுக்கு நகைச்சுவையும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு தொலைக்காட்சியிலும் நடித்து, 1990களில் ஓய்வு பெற்றார். 2009 ஜூன் 3ல், 96 வயதில், ஹாங்காங்கில் காலமானார்.

அவர் வில்லனாக நின்ற அந்தப் பழைய படங்களின் ஓரத்தில் அடியாட்களாகவும் ஸ்டண்ட்காரர்களாகவும் இருந்தவர்களைப் பாருங்கள். லாவ் சாமின் மகன் லாவ் கர்-லியுங் பின்னாளில் ஷா பிரதர்ஸின் பெரிய சண்டை இயக்குநரானார். அதே படங்களில் வேலை செய்த யுவென் சியு-டின்னின் மகன் யுவென் வூ-பிங் ஜாக்கி சானை நட்சத்திரமாக்கிய படங்களை எடுத்து, 1999ல் 'தி மேட்ரிக்ஸ்' வரை போனார். இன்று ரோப் கட்டி ஃபைட் எடுக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பள்ளியிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் கதாநாயகனின் அடிகளை நிறையவே எடுத்துக்கொண்டுவிட்டோம். எதிராளியின் பொறுமையைத்தான் விட்டுவிட்டோம்.

இப்போது ஃபைட் கம்போஸ் செய்யும்போது எதிராளியின் சண்டையை முதலில் எழுதுகிறேன். அவன் எந்த இடத்தில் ஜெயிக்கிறான், அவன் நிலை எந்த அடியில் முதல்முறை கலைகிறது, தோற்கப்போகிறோம் என்று எப்போது அவனுக்குத் தெரிகிறது. இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் ஹீரோவின் அடிகள் வருகின்றன. இயக்குநர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஹீரோவுக்கு ரிகர்சல் வைக்கும் நாட்களில் பாதியாவது எதிரே நிற்பவனுக்கும் கொடுங்கள். ஸ்பாட்டுக்கு வந்த பிறகு அவனை நிறுத்தி, இங்கே அடி, அங்கே விழு என்று சொல்லிவிட்டால் வரும் சண்டையில் உங்கள் ஹீரோதான் சின்னவராகத் தெரிவார். குவான் டாக்-ஹிங்குக்கும் புரூஸ் லீக்கும் கிடைத்த எதிராளி 9 வருடம் வித்தை கற்று, அரை நூற்றாண்டு அதைப் பிறருக்காகச் செலவழித்தவர். அந்தத் தரத்தை எட்டுவது கடினம். ஆனால் அடி வாங்குகிறவனையும் கலைஞனாக நடத்துவதில் தொடங்கினால், அந்தத் திசையில் நாம் போக ஆரம்பித்துவிடுவோம்.